'தீபன்' படத்தில் யாருக்கு முகம் கிடைத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையை வாங்கிய பிரெஞ்சுப் படம் 'தீபன்'. வசனத்தில் பெரும்பகுதி தமிழ். படம் வந்து பத்து வருடம் தாண்டியும், அதைப் பற்றிய பேச்சு எடுத்தால் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நம்மை ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்களா? நடித்தவர்கள் யார்? அந்த முடிவை ஏன் அத்தனை பேர் திட்டினார்கள்? அவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். கதை முழுவதையும், முடிவையும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2009. ஈழத்தில் போர் முடிகிறது. மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த ஒரு புலிப் போராளி, சீருடையை எரித்துவிட்டு நாட்டைவிட்டுப் போக வழி தேடுகிறார். தீபன் என்ற இறந்துபோன ஒருவரின் குடும்பக் கடவுச்சீட்டு கைக்கு வருகிறது. அதில் கணவன், மனைவி, ஒன்பது வயது மகள் என மூன்று பேர் இருக்க வேண்டும். முகாமில் இருக்கும் யாழினி என்ற இளம்பெண், தாயில்லாத ஒரு சிறுமியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருகிறாள். சிறுமியின் பெயர் இளையாள். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத மூன்று பேர் குடும்பமாகி பிரான்ஸ் போய்ச் சேர்கிறார்கள்.

பாரிஸ் தெருவில் மினுக்கு விளக்குப் பொம்மை விற்றுப் பிழைத்த பிறகு, புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தீபனுக்கு வேலை கிடைக்கிறது. படிக்கட்டைப் பெருக்க வேண்டும், கடிதங்களைப் பிரித்துப் போட வேண்டும், பழுதானதைச் சரிபார்க்க வேண்டும். அங்கேயே தங்க வீடும் உண்டு. எதிர்க்கட்டடம் போதைப்பொருள் கும்பலின் கையில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஹபீப் என்ற முடியாத முதியவருக்குச் சமைத்துப் போட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு யாழினி போகிறாள். சிறையிலிருந்து காலில் மின்னணுப் பட்டையோடு வெளிவந்த கும்பல் தலைவன் பிராஹிம் இருப்பதும் அதே வீட்டில்தான். அப்புறம் துப்பாக்கிச் சூடு, புகை, ரத்தம்.

இது அகதிகளைப் பற்றிய படமா, குற்றப்படமா?

இரண்டும்தான். முதல் ஒன்றரை மணி நேரம் அகதி வாழ்க்கை, கடைசிப் பகுதி முழுக்க முழுக்க குற்றப்படம். இயக்குநர் ழாக் ஓடியார் 2009இல் எடுத்த 'ஒரு தீர்க்கதரிசி' சிறைக்குள் நடக்கும் குற்றக்கதை. அந்த இருட்டு அவருக்குப் பழகிய இடம். 'தீபன்' எடுக்கும்போது தனக்குத் தூண்டுதலாக அவர் சொன்னவை இரண்டு. ஒன்று, பாரிஸுக்கு வரும் பாரசீகர்களின் கண் வழியாக பிரான்ஸைப் பார்த்து மொந்தெஸ்கியூ 1721இல் எழுதிய 'பாரசீகக் கடிதங்கள்'. இன்னொன்று, ஒதுங்கி வாழ வந்தவன் கடைசியில் வீட்டைக் காக்க வன்முறையில் இறங்கும் 1971ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் 'ஸ்ட்ரா டாக்ஸ்'. இந்த இரண்டும் ஒரே படத்துக்குள் இழுபறியாக இருப்பதுதான் இதன் பலமும் சிக்கலும்.

நடித்தவர்கள் நிஜத்தில் ஈழத் தமிழர்களா?

தீபனாக நடித்தவர் ஈழத்தவர். அந்தோனிதாசன் யேசுதாசன், நமக்கு எழுத்தாளர் ஷோபாசக்தி. யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னையைச் சேர்ந்த நாடக நடிகை. இளையாளாக வந்த குளோடின் வினாசித்தம்பிக்கு அது முதல் படம். மூவரில் யாரும் வணிக சினிமாவின் பழகிய முகம் அல்ல. பெரிய விருதுகளுக்குப் போகும் ஓர் ஐரோப்பியப் படத்தின் மூன்று முதன்மைப் பாத்திரங்களிலும் தமிழர்களையே போட்டு, அவர்களைத் தமிழிலேயே பேசவிட்டது சாதாரண முடிவு இல்லை. பிரெஞ்சு நட்சத்திரம் ஒருவரை நல்ல போலீஸாகவோ, உதவி செய்யும் ஆசிரியையாகவோ நடுவில் நுழைத்து, அவர் வழியாகக் கதையைச் சொல்வதுதான் எளிதான வழி. ஓடியார் அப்படிச் செய்யவில்லை. இதற்காக அவரை மனதாரப் பாராட்ட வேண்டும்.

நாயகன் உண்மையிலேயே புலிகள் இயக்கத்தில் இருந்தவராமே? அப்படியானால் இது அவருடைய வாழ்க்கைதானா?

ஷோபாசக்தி 1967இல் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். பதின்ம வயதில் இயக்கத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகியவர். தாய்லாந்தில் அகதியாக இருந்துவிட்டு 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். உணவகத்தில் தட்டுக் கழுவுவது உட்படக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். 'கொரில்லா', 'ம்' ஆகிய நாவல்களால் தமிழ் வாசகர்களுக்கு ஏற்கெனவே நன்கு அறிமுகமானவர். லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்திலும் நடித்திருந்தார்.

படத்தில் பாதியளவு தன் வாழ்க்கையோடு ஒத்துப்போவதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கதையை எழுதியது அவர் இல்லை. திரைக்கதை ஓடியார், தொமா பிதெகேன், நொயே தெப்ரே மூவருடையது. ஷோபாசக்தியின் ஆலோசனை அதற்குள் உண்டு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதிய ஒருவர், படத்தில் அந்த இயக்கத்தின் போராளியாக நிற்கிறார். வாய்ப்பு கிடைத்திருந்தால் அவர் எழுதியிருக்கக்கூடிய படம் வேறாக இருந்திருக்கும்.

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. அப்புறம் பேச்சு எப்படிச் சரியாக வந்தது?

முழுக்கச் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஷோபாசக்தி வாயில் வருவது அசல் யாழ்ப்பாணத் தமிழ். காளீஸ்வரி அதைக் கற்றுக்கொண்டு பேசுகிறார். பெரும்பாலும் பிடித்துவிடுகிறார், ஆனால் ஈழத்துக் காதுக்கு ஆங்காங்கே தமிழ்நாடு எட்டிப்பார்ப்பது கேட்கும். பிரெஞ்சு ரசிகருக்கு இந்த வேறுபாடு தெரியவே வாய்ப்பில்லை.

ஆனால் மொழியைக் கதைக்குள் கொண்டுவந்த விதத்தில் ஓடியார் தவறவில்லை. புகலிடம் கேட்கும் நேர்காணல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தீபன், ஏற்கெனவே மனப்பாடம் செய்த ஒரு கதையை ஒப்பிக்கிறார். அதை மொழிபெயர்க்க உட்கார்ந்திருப்பவரும் தமிழர். அவருக்கு இது பழகிப்போன கதை. மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, இதைச் சொல்லாதே என்று தமிழிலேயே பேச ஆரம்பிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்க்கிறார். முடிவு எடுக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது, ஆனால் அந்த அறையில் நடப்பது என்ன என்று தெரியாத ஒரே ஆளும் அவர்தான். அலுவலகங்களில் எப்போதும் நாம் இருக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறது படம்.

இன்னொரு சின்ன இடம். வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், சொற்கள் புரிகின்றன, ஆனால் சிரிப்பு வரவில்லை என்று தீபன் யாழினியிடம் சொல்கிறார். உனக்குத் தமிழிலேயே நகைச்சுவை வராது என்கிற மாதிரி அவள் பதில் சொல்கிறாள். அகதி என்றால் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பவர் என்ற பிம்பம் அந்த ஒரு நிமிடத்தில் உடைந்துபோகிறது.

யாழினியைப் பலர் பாராட்டுகிறார்கள். ஏன்?

இந்தப் படத்தின் நேர்மையான பாத்திரம் அவள்தான். அவளுக்கு இளையாளின் மேல் பாசம் இல்லை, தீபனின் மேல் காதல் இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. சண்டை வெடித்ததும் இருவரையும் விட்டுவிட்டு ரயில் ஏறப் பார்க்கிறாள். அகதிப் பெண்ணை, அதுவும் தமிழ்ப் பெண்ணை, தாய்மையின் உருவமாகவே காட்டிப் பழகிய நமக்கு இது உறுத்தலாம். எனக்கு அந்த உறுத்தல் தேவை என்று படுகிறது. பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கும் கொடு என்று இளையாள் கேட்கும் இடத்தில் யாழினி தயங்குகிறாள். அம்மாவாக நடிப்பதே அவளுக்கு ஒரு வேலை. சம்பளம் இல்லாத வேலை.

அக்கம்பக்கத்துப் பெண்களைப் பார்த்து அவளும் தலையில் துணி போட்டுக்கொண்டு போவது இன்னொரு நல்ல அவதானிப்பு. புது ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே அவளுக்கு முக்கியம். எந்த மதத்து வழக்கம் என்பதெல்லாம் பிறகுதான்.

ஹபீப் வீட்டில் அவளும் பிராஹிமும் பேசிக்கொள்ளும் காட்சிகளை மறக்க முடியாது. அவன் பிரெஞ்சில் பேசுகிறான், அவள் தமிழில் பேசுகிறாள், இருவருக்கும் மற்றவர் சொல்வது பிடிபடவில்லை. ஆனாலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். படத்தில் அந்தக் கும்பலைச் சேர்ந்த ஒருவன் மனிதனாகத் தெரிவது அந்தச் சமையலறைப் பக்கத்தில் மட்டும்தான்.

அந்த வெள்ளைக் கோடு எதற்கு?

இரு கட்டடங்களுக்கு நடுவே உள்ள வெளியில் தீபன் தரையில் வெள்ளையாகக் கோடு போடுகிறார். இந்தப் பக்கம் யாரும் சுடக்கூடாது என்று அறிவிக்கிறார். 'நோ ஃபயர் ஸோன்' என்கிறார். பிரெஞ்சு ரசிகருக்கு இது மனம் பிறழ்ந்த ஒரு முன்னாள் வீரனின் செயல். நமக்கு அப்படிக் கடந்துபோக முடியாது. 2009 ஜனவரியிலிருந்து இலங்கை அரசு வன்னியில் இப்படித்தான் பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. மக்கள் அங்கே போய்க் குவிந்தார்கள். அந்த வலயங்களுக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது. போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் அது சொன்னது. புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்துவைத்ததையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் அதே அறிக்கை பேசுகிறது.

எவன் கோடு போட்டாலும் குண்டுக்குத் தெரியாது என்பதை உடம்பால் அறிந்த ஒருவர், அதே கோட்டை வேறொரு நாட்டு மண்ணில் போடுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரே காப்பு அதுதான். படம் இதற்கு விளக்கம் எதையும் சொல்வதில்லை. ஓடியார் சொல்லாமல் விட்டதை முழுதாக வாசிக்கக்கூடியவர்கள் தமிழ் ரசிகர்கள்தான். எந்த ஐரோப்பியக் குற்றப்படமும் இதற்கு முன் நமக்கு இப்படியொரு இடத்தைத் தந்ததாக எனக்கு நினைவில்லை.

புலிகளை, போரை, படம் எப்படிக் காட்டுகிறது? பக்கச்சார்பு உண்டா?

பக்கம் எடுப்பதைத் தவிர்க்கிறது. ராணுவம் திரையில் கிட்டத்தட்ட இல்லை. இயக்கத்தின் பழைய தளபதி ஒருவர் பிரான்ஸில் தீபனைச் சந்தித்து, ஆயுதம் வாங்கப் பணம் திரட்டச் சொல்கிறார். தனக்குப் போர் முடிந்துவிட்டது என்று தீபன் மறுக்க, அடி விழுகிறது. பிறகு தீபன் குடித்துவிட்டு நிலவறையில் தனியாகப் பாடும் காட்சி வருகிறது. அதில் ஷோபாசக்தியின் முகம் எத்தனை பக்க வசனமும் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறது.

குறை என்று பார்த்தால், யார் யாரைக் கொன்றார்கள், ஏன் போர் வந்தது என்று தெரியாத ஒருவர் படம் முடிந்த பிறகும் தெரியாதவராகவே வெளியே வருவார். கனவில் வரும் யானை அழகான படப்பிடிப்பு, எப்போனின் மொமன்சோவின் ஒளிப்பதிவு அங்கே உச்சம். இருந்தாலும் அந்த யானை சுற்றுலா அட்டையில் வரும் யானை மாதிரியே எனக்குத் தெரிகிறது. வன்னியிலிருந்து வருபவனின் கனவில் வர வேண்டியவை வேறு எத்தனையோ இருக்கின்றன.

சாதி?

இல்லை. முன்பின் தெரியாத மூன்று தமிழர்கள் ஒரே வீட்டில் குடும்பமாக வாழும்போது, ஊர் எது, ஆட்கள் யார் என்ற விசாரிப்பு ஒரு தடவைகூட எழாது என்பதை நம்புவது கடினம். யாழ்ப்பாணத்துச் சாதி பாரிஸ் வரை கூடவே வந்திருக்கிறது என்பதை ஷோபாசக்தியின் கதைகளே விரிவாகச் சொல்கின்றன. பிரெஞ்சுத் திரைக்கதைக்கு அது எட்டவில்லை.

அங்கே வாழும் அரபு, கறுப்பின இளைஞர்களைப் படம் எப்படிக் காட்டுகிறது?

எனக்குப் படத்தோடு உள்ள பெரிய வழக்கு இதுதான். 'நம்மைக் காட்டினார்கள்' என்ற மகிழ்ச்சியில் நம்மில் பலர் கவனிக்காமல் விட்டுவிட்ட விஷயமும் இதுதான்.

தீபனும் யாழினியும் இருட்டு வீட்டு ஜன்னலோரம் நின்று, எதிர்க்கட்டடத்து வாசலில் நடப்பதை சினிமா பார்ப்பதுபோலப் பார்க்கும் ஒரு காட்சி இருக்கிறது. கேமரா நம் பக்கம் நிற்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் தொப்பி, கத்தல், மோட்டார் சத்தம், அவ்வளவுதான். அவர்களில் யாருக்கு அம்மா இருக்கிறாள், யார் பள்ளியை விட்டு நின்றான், யாருக்கு வேலை கிடைக்கவில்லை என்று எதுவும் தெரியாது. வேலையைச் சொல்லிக்கொடுக்கும் யூசுஃப், பேசாத ஹபீப், ஓரளவு பிராஹிம். இந்த மூவரைத் தவிர மற்றவர்கள் கடைசிக் காட்சியில் சுடப்படுவதற்காகவே படிக்கட்டில் நிற்பவர்கள். தீபன் புகைக்குள் படியேறிப் போகும்போது விழுகிறவர்களின் முகம்கூட நமக்குச் சரியாகத் தெரிவதில்லை.

நல்ல அகதி, கெட்ட குடியேறி என்ற பிரிவினையை ஐரோப்பிய வலதுசாரிகள் விரும்பிப் பேசுவார்கள். உழைக்கும் அமைதியான ஆசியர் ஒரு பக்கம், அடங்காத அரபும் ஆப்பிரிக்கரும் மறுபக்கம். ஓடியார் அந்த அரசியலைச் சேர்ந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படம் அந்த அச்சில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பிரான்ஸிலேயே பல விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் குடியிருப்பில் போலீஸ் கிட்டத்தட்ட வருவதே இல்லை. பிரெஞ்சுப் புறநகரில் வாழும் இளைஞர்களைக் கேட்டால், போலீஸ் இல்லாத வாழ்க்கையே அவர்களுக்குத் தெரியாது. 2005 அக்டோபரில் கிளிஷி-சூ-புவா நகரில் போலீஸுக்குப் பயந்து ஓடிய 17 வயது, 15 வயதுச் சிறுவர்கள் இருவர் மின்நிலையத்துக்குள் ஒளிந்து மின்சாரம் தாக்கி இறந்தார்கள். நாடு முழுக்க மூன்று வாரம் கலவரம். அந்த வழக்கில் இரண்டு போலீஸ்காரர்களும் விடுதலை செய்யப்பட்ட நாள் 2015 மே 18. கான் விழா நடந்துகொண்டிருந்த நாள் அது. ஆறு நாள் கழித்து, மே 24 அன்று, 'தீபன்' தங்கப் பனை வாங்கியது.

குற்றப்படத்தில் குற்றவாளிகள் இருக்கத்தானே செய்வார்கள்? இதை ஏன் பெரிதாக்க வேண்டும்?

இருக்கட்டும். பிராஹிம் நல்லவனாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாத்திரம் குற்றவாளியா இல்லையா என்பதல்ல, அவனுக்கு உள்மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு ஓடியாரின் 'ஒரு தீர்க்கதரிசி' படமே சாட்சி. அதில் மாலிக் என்ற 19 வயது அரபு இளைஞன் எழுதப் படிக்கத் தெரியாமல் சிறைக்குள் வருகிறான், கோர்சிகக் கும்பலுக்காகக் கொலை செய்கிறான், போதைப்பொருள் கடத்துகிறான். ஆனால் படம் முழுக்க நாம் அவனோடுதான் மூச்சுவிடுகிறோம். அவன் கொன்றவன்கூட ஆவியாக வந்து அவனோடு அறையில் தங்குகிறான். தஹார் ரஹீம் அந்தப் பாத்திரத்தால் பிரான்ஸின் முன்னணி நடிகரானார். ஆக, இப்படிப்பட்ட இளைஞனுக்கு ஒரு முழு மனித உருவம் கொடுக்க ஓடியாருக்குத் தெரியும். 'தீபன்' படத்தில் அந்த உருவத்தை மூன்று தமிழர்களுக்குக் கொடுத்தார். பக்கத்துக் கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை.

நாம் இதில் கறாராக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'மெட்ராஸ் கஃபே' மாதிரியான படங்களில் தமிழர்கள் முகமற்ற துப்பாக்கிக் கூட்டமாக வந்தபோது நமக்கு வலித்தது. அதே நிலையில் இன்னொரு கூட்டம் நிற்கும்போது, நடுவில் நாம் இருக்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது சரியில்லை.

முடிவை ஏன் அவ்வளவு பேர் திட்டினார்கள்?

கட்டடமே ரத்தக்களமான பிறகு, திடீரென்று வெயில். இங்கிலாந்து. தீபன் டாக்சி ஓட்டுகிறார், புல்வெளி, நண்பர்கள், யாழினி கையில் குழந்தை. கனவா நிஜமா என்று சொல்லாமல் படம் முடிகிறது. கனவு என்று எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். நிஜம் என்றால், இங்கிலாந்து அகதிகளின் சொர்க்கம் என்ற பொய் அது. இங்கிலாந்து 2011, 2012இல் தனி விமானம் வைத்துத் தமிழர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிய நாடு. சட்டப்படி இல்லாதவர்களுக்கு வாழ்வே கடினமாகும் சூழலை உண்டாக்குவோம் என்று உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே 2012இல் வெளிப்படையாக அறிவித்த நாடு. அங்கே போய்ச் சேர்ந்த யாழினிகளுக்கும் தீபன்களுக்கும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

படப்பிடிப்பு எங்கே நடந்தது?

இலங்கையில் எடுக்கவில்லை. ஈழக் காட்சிகள் 2014இல் தமிழ்நாட்டில், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் எடுக்கப்பட்டன. ஈழ அகதிகள் வந்து இறங்கிய கரையும், அவர்கள் இன்றும் வாழும் முகாமும் இருக்கும் இடம் அது. குடியிருப்புக் காட்சிகள் பாரிஸுக்கு மேற்கே புவாசி நகரின் லா கூத்ரே பகுதியில்.

பிரெஞ்சு சினிமாவில் பன்முகத்தன்மை எவ்வளவு என்று கணக்கு உண்டா?

நேரடியாக இல்லை. இனவாரியாக ஆட்களைக் கணக்கெடுப்பதை பிரெஞ்சுச் சட்டம் 1978 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. குடிமகன் என்றால் குடிமகன், அவ்வளவுதான் என்பது குடியரசின் கொள்கை. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், யார் திரையில் இல்லை என்று நிரூபிக்கவே முடியாமல் போகிறது. தொலைக்காட்சிக்கு மட்டும் 2009 முதல் ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் ஓர் அளவீடு வெளியிடுகிறது. திரையில் தெரிபவர்கள் பார்வையாளருக்கு யாராகத் தோன்றுகிறார்கள் என்பதை வைத்து எண்ணுகிறார்கள். 2018இல் அய்சா மைகா உள்ளிட்ட 16 கறுப்பின நடிகைகள், தங்களுக்கு எப்படிப்பட்ட வேடங்கள் மட்டும் தரப்படுகின்றன என்று சேர்ந்து ஒரு புத்தகம் எழுதி, கான் விழாவின் சிவப்புப் படிகளில் ஒன்றாக ஏறி நின்றார்கள். எண்ணிக்கை இல்லாத நாட்டில் அப்படித்தான் தங்களைக் காட்ட வேண்டியிருந்தது.

விருதுகள்?

கான் விழாவில் கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு தங்கப் பனையைக் கொடுத்தது. பிரான்ஸின் தேசிய விருதான சேசாருக்கு ஷோபாசக்தி சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். விருது வேறொருவருக்குப் போனது.

வெளியாள் எடுத்தால் இப்படித்தான் ஆகுமா?

வெளியாள் எடுக்கவே கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஓடியார் எடுக்காமல் விட்டிருந்தால் 2015இல் இந்தக் கதையை வேறு யார் உலக அரங்குக்குக் கொண்டுபோயிருப்பார்கள்? ஆனால் வெளியாளுக்கு எங்கே கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற பொறுப்பு கூடுதல். அதே இயக்குநர் 2024இல் மெக்சிகோவின் போதைக் கும்பலையும் காணாமல்போனவர்களையும் வைத்து 'எமிலியா பெரெஸ்' எடுத்தார். பெரும்பகுதி பாரிஸ் அருகே அரங்குக்குள் படமாக்கப்பட்டது. 13 ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மெக்சிகோவிலோ கொதிப்பு. எங்கள் சாவை அலங்காரப் பொருளாக்கிவிட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் கோபப்பட்டார்கள். 'தீபன்' படத்தில் ஷோபாசக்தி இருந்தார். அப்படி ஒருவர் உடன் இருப்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும்.

உள்ளிருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு லாஜ் லியின் 'லே மிசெராப்ல்' நல்ல உதாரணம். மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து மோன்பெர்மெய் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். அந்தக் குடியிருப்பிலேயே படத்தை எடுத்து 2019இல் கான் நடுவர் விருதைப் பகிர்ந்துகொண்டார். கும்பல் உண்டு, கடத்தல் உண்டு, வன்முறை உண்டு. ஆனால் மாடியிலிருந்து ட்ரோன் விடும் சிறுவனுக்கும் தனி மனம் உண்டு, ரோந்து வரும் போலீஸ்காரனுக்கும் வீடு உண்டு.

தமிழர்களே ஐரோப்பாவில் எடுத்த குற்றப்படம் ஏதாவது உண்டா?

உண்டு. லாரன்ஸ் வாலின் இயக்கி நடித்த 'லிட்டில் ஜாஃப்னா'. பிரான்ஸில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்டவர். 2024இல் வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரத்தில் நிறைவுப் படமாகத் திரையிடப்பட்டது. களம் லாச்சப்பல், அதாவது பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நம் கடைகளும் தேர்த்திருவிழாவும் நிறைந்த தெருக்கள். தமிழ் இளைஞரான ஒரு போலீஸ்காரர், மக்களிடம் பணம் பறித்து இயக்கத்துக்கு அனுப்பும் கும்பலுக்குள் ஊடுருவுகிறார். இது வெறும் கற்பனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 மே மாதம் புலிகளைத் தடைசெய்த பிறகு, பிரான்ஸில் இப்படிப்பட்ட பணத் திரட்டலுக்காக 2009இல் நீதிமன்றத் தண்டனைகள் வந்தன.

இதில் தமிழர்களே போலீஸ், தமிழர்களே கும்பல், தமிழ்ப் பாட்டியும் உண்டு. ராதிகாவும் வேல ராமமூர்த்தியும் நடித்திருக்கிறார்கள். ஈழத்துப் பெரியவர்களாக மறுபடி தமிழ்நாட்டு முகங்கள்தானா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. ஆனாலும் ஒரே இனம் ஒரே படத்தில் நல்லவனாக, துரோகியாக, பயந்தவனாக, திமிர்பிடித்தவனாக, பாட்டி கையால் சாப்பிடும் பேரனாக வரும்போது யாரும் ஒட்டுமொத்தச் சமூகத்துக்குப் பிரதிநிதியாக நின்று திணற வேண்டியதில்லை. தீபனின் தோளில் அந்தச் சுமை இருந்தது. அவர் ஒருவர்தான் திரையில் ஈழம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா? எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், கடைசி அரைமணி நேரம் வன்முறை அதிகம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பார்த்தால் பேச நிறைய இருக்கும், அதுவும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளோடு. முதலில் 'ஒரு தீர்க்கதரிசி', அடுத்து 'தீபன்', பிறகு 'லே மிசெராப்ல்', கடைசியில் 'லிட்டில் ஜாஃப்னா'. 'தீபன்' பார்க்கும்போது ஒரு தடவையாவது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் சொல்லப்படுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.